பின் சீட்டுக்கு வந்த பெயர்

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஆண்டியப்பனிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. ஏற்றத்தில் அது போகிற வேகத்துக்கு, பின்னால் இருப்பவர்கள் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கொழுந்து பறித்தால், உச்சிக்குப் போய்ச் சேருமுன் ஒரு கூடை நிறைந்துவிடும். நிறைந்திருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை போட்டும் கொடுத்திருக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம். அதற்காகக் கார் வேகமாகப் போய்விடப் போவதில்லை.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான் கார். பிரசவம், குளவி கொட்டு, நெஞ்சு வலி எதுவானாலும் ஆண்டியப்பன்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். காசு வாங்கியதில்லை. நல்ல மனுஷன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை எந்தக் கடையிலும் கொடுத்து அரிசி வாங்க முடியவில்லை.

இப்போது அவருக்கு ஒரு வேன் வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும்போது யாரிடம் வேன் இருக்கிறதோ, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டம் அவருக்குத்தான். ஹட்டனில் பழைய வண்டிகள் வாங்கி விற்கும் கார் சேல் வைத்திருக்கும் லக்ஸ்மன் ஒரு வேனைக் காட்டினான்.

"பழச இங்க விட்டுட்டு, மிச்சத்தக் கட்டிட்டு, இதுல ஏறிப் போங்கண்ணே."

"என் காருக்கு என்னா போடுவ?"

லக்ஸ்மன் ஒரு விலை சொன்னான். அது காருக்கா, நாலு டயருக்கா என்று ஆண்டியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. வெளியில் விற்றால் அதைவிட மூன்று லட்சம் கூடுதலாக வரும். அந்த மூன்று லட்சம் இல்லாமல் வேன் இல்லை.

"நானே வித்துட்டு வாரேன்."

"வித்துட்டு வாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் வேன் நிக்கும். அதுக்கு மேல எவன் கேட்டாலும் குடுத்துருவேன்."

மலையில் கார் பார்க்க வருகிறவர்கள் பானெட்டைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதலில் லயத்தில் விசாரிப்பார்கள். லயத்து ஆட்களோ நன்றி மறவாதவர்கள்.

வட்டகொடையிலிருந்து வந்த கடைக்காரரிடம் வீரய்யா சொன்னார்: "எங்கப்பாரு இதோட பின் சீட்டுலதாங்க போய்ச் சேந்தாரு. ஒரு குலுக்கல் இல்ல. கண்ண மூடினதே தெரியல. அப்படி வண்டி!"

"எங்க வீட்டுக்காரரும் அதுலதான்," என்று ஜெயந்தினி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சன்னல் பக்கத்துச் சீட்டு. சிரிச்ச மொகமா போனாருங்க."

கடைக்காரர் நடந்தே பஸ்ஸுக்குப் போனார். அடுத்து வந்தவருக்கும் அதே உபசாரம். அந்தக் காரில் போய்ப் பிழைத்தவர்களை ஒருவருக்கும் நினைவில்லை. போய்ச் சேர்ந்தவர்களைச் சின்னப் பிள்ளைகளும் பெயர் பெயராகச் சொன்னார்கள்.

ஆண்டியப்பன் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "வாயக் கொஞ்சம் மூடுங்க. பொழப்பு போகுது."

"செத்தவங்கள மறைக்கணும், அம்புட்டுத்தானே?" என்றாள் லயத்தின் கடைசி அறையான கோடிக்காம்பிராவில் இருக்கும் கிழவி ராக்காயி. "ஒனக்காக மறைக்கிறோம், போ."

மறைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பரமலிங்கம் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், நோர்வூட்டில் படிப்பிக்கிறவர். லயம் முழுக்க ஊமையாக நின்றது. மாஸ்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி, சம்மதித்து, சாவியை வாங்கிக்கொண்டு, காசுக்குச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

அப்போதுதான் ராக்காயியின் மகள் பிரேமினி ஓடி வந்தாள். "அண்ணே, அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக் கொட்டுது. காரை எடுங்க!"

மாஸ்டரின் கை பைக்குள்ளேயே நின்றது. "ஐயோ, கொண்டு போங்கோ. நான் இதிலயே நிக்கிறன்," என்று சாவியை நீட்டினார்.

ஆண்டியப்பன் அவர் காதருகில் போனார். "கெழவி பாதியில போயிட்டா, நாளைக்கி ஒங்க பிள்ளைங்கதான் மாஸ்டர் அதுல ஒக்காரணும்."

நீட்டிய சாவி மெல்லத் திரும்பிப் போனது. காசு வெளியே வந்தது.

"கார் வித்தாச்சும்மா," என்றார் ஆண்டியப்பன், பிரேமினியைப் பார்க்காமல். "இனி அது மாஸ்டர் வண்டி. கிஷாந்தோட ஆட்டோவக் கூப்பிடு."

கிஷாந்த் கீழ்ப் பிரிவில் ஓட்டத்தில் இருந்தான். அவன் மேலே ஏறி வருமுன் மாஸ்டரின் கார் இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கென்று அது நன்றாக ஓடியது. ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற வளைவில் ராக்காயி ஆட்டோவிலேயே அடங்கிப்போனாள்.

இழவு வீட்டில் கிஷாந்த் ஆண்டியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒங்க வண்டி இந்தச் சாவுல மாட்டாம போயிருச்சு மாமா. என் ஆட்டோவ இனி எவன் வாங்குவான்?"

ஆண்டியப்பன் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

வேன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று பிரேமினியும் மகள் தனுஷிகாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேறு வேன் இல்லை. பிள்ளையின் தலையைக் கோதிவிட்டு, படியில் ஏற்றிவிட்டு, ஓட்டுகிற பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, வளைவுல இவளுக்கு வாந்தி வரும். எறக்கி விட்டுட்டுப் போயிறாதீங்க."

"சே சே, என்னாம்மா இப்படிப் பேசுற," என்றார் ஆண்டியப்பன். அவருக்கு மனசு நிஜமாகவே வருத்தப்பட்டது.

இறங்கிப் பின்னால் போனார். தனுஷிகாவை எழுப்பி நிறுத்தி, அவள் சீட்டின் மேல் ஒரு பொலித்தீனை விரித்து, நான்கு மூலையையும் இழுத்துச் செருகி, "இப்ப ஒக்காரு கண்ணு," என்றார்.