பதினோரு வருஷத்து அளவுகள்

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பொட்டலம்’ என்று பெயர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளை, அதற்கு வேண்டிய கோப்புகளோடு ஒரே மூட்டையாகக் கட்டி இணையத்தில் ஏற்றுவது அவன் வேலை. கடைக்காரர்கள் அதை இறக்கித் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்கள். கெட்டிக்காரன்தான். ஆனால் கட்டியதை எப்போதும் துடைத்து வைத்த புதுக் கம்ப்யூட்டரில்தான் சோதிப்பான். ஒன்றுமே இல்லாத இடத்தில் எது அழிந்து எது தெரியப்போகிறது?

தையல் கடைகளுக்கான மென்பொருளின் புதுப் பதிப்பைத் திங்கட்கிழமை கட்டினான். அவசரத்தில், மாதிரிக்கு வைத்திருந்த காலி அளவுக் கோப்பும் மூட்டைக்குள் போய்விட்டது. பழைய பதிப்பின் மேல் அதைப் போட்டால், வாடிக்கையாளர்களின் அளவுகள் அத்தனையும் அழிந்து காலிக் கோப்புதான் மிஞ்சும். செவ்வாய் மத்தியானம் தன் பழைய கம்ப்யூட்டரில் தற்செயலாகப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாரிடமும் மூச்சுவிடாமல் மறுபடி கட்டி, அதே பதிப்பு எண்ணிலேயே மாற்றி ஏற்றினான்.

அதற்குள் பதினாலு கடைகள் அந்தத் தப்பான மூட்டையை இறக்கியிருந்தன. எல்லோருடைய போன் நம்பரும் அவனிடம் இருந்தது. அதில் ஒன்று அவன் அக்காவுடையது. ‘எறக்கிட்டேன்டா, நேரம் கெடைக்கறப்ப போட்டுக்கறேன்’ என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். போனைக் கையில் எடுத்தான், வைத்தான். அக்கா எதையும் ஒரு வாரம் தள்ளித்தானே செய்வாள், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டான். கோழை.

வியாழக்கிழமை, அளவு ஒன்றையும் காணோம் என்று அக்காவிடமிருந்து போன் வந்தது. அவன் அவளுடைய தையல் கடைக்குள் நுழைந்தபோது அவள் ஒரு பெண்மணிக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். “எத்தனை வருஷமா துணிய மட்டும் குடுத்துட்டுப் போறேன், இன்னிக்கு என்ன புதுசா?” என்று அந்தப் பெண்மணி முகத்தைச் சுளித்தாள்.

“மன்னிச்சுக்கங்க, நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்” என்றாள் அக்கா.

சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த மாமா, அக்காவின் கணவர், நிமிரவில்லை. “நோட்டே போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? பதினோரு வருஷத்து அளவு, போச்சு.”

அந்தப் பெண்மணி போனதும் அக்கா தம்பியின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். “இதனால உன் வேலைக்கு ஒண்ணும் வராதில்ல? நான் கெடுத்ததுன்னே ஆபீஸ்ல சொல்லிடுடா.”

அவனுக்கு அங்கே நிற்கவே கூசியது.

“நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான் கட்டினதுலதான் தப்பு. பதினாலு கடைக்குப் போயிடுச்சு.”

மாமாவின் ஊசி நின்றது.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றாள் அக்கா.

“செவ்வாக்கெழம.”

“நேத்து சாயந்தரம்தான்டா நான் போட்டேன்.”

அக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவி மேஜைமேல் வைத்தாள்.

“மத்த பதிமூணு பேருக்காவது சொன்னியா?”

அவன் தலை குனிந்தான்.

“அந்த ஸ்டூல்ல உக்காரு. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொல்லு. அப்புறமா என் மூஞ்சில முழி.”

அவன் உட்கார்ந்து முதல் நம்பரை அழுத்தினான். நம்பரைப் பார்த்தே எடுத்த கடைக்காரர், அவன் வாயைத் திறப்பதற்குள், “சார், அளவெல்லாம் போயிடுச்சு, நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கறேன்” என்றார்.