சிலுப்பியோடு நடந்த நாட்கள்

அக்கா வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து ஒரு குதிரை லாயம் நடத்தினோம். மச்சான் சவாரிக்காரர். தடை தாண்டும் போட்டிகளுக்குப் போய்க் கோப்பையோடு திரும்புவார். குதிரைகளைப் பழக்கித் தயார் செய்வதும், அடிபடாமல் பார்த்துக்கொள்வதும் என் பாடு. அடிபடாத குதிரைக்காக யாரும் கைதட்டுவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை.

ஆறு குதிரைகளில் சிலுப்பிதான் வீட்டுச் செல்லம். பிடரியைச் சிலுப்பிக்கொண்டே இருப்பாள் என்று அக்கா வைத்த பெயர். தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன்பே, அவளுடைய நான்கு கால்களையும் குளம்புவரை தடவிப் பார்ப்பேன். ஒரு காலின் சூடு மற்றதோடு ஒத்துப்போக வேண்டும்.

பெரிய போட்டிக்கு முந்தின நாள் ஒத்துப்போகவில்லை. இடது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாரில் லேசாக வெதுவெதுப்பு. வீக்கமில்லை, நொண்டலுமில்லை.

"நாளைக்கு இவ வேணாம் மச்சான்."

"நல்லாத்தானே நடக்குறா?"

"நடக்குறா. தாண்டினா என்ன ஆகும்னு தெரியாது."

"உன் கை என்ன தெர்மாமீட்டரா?" என்று எகிறினார். அவளை ஏற்றிப் போகும் வண்டியின் கதவை மறித்து நின்றேன். சத்தம் கேட்டு அக்கா வந்தாள். குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா தினமும் தொட்டுப் பாக்குறவன் அவன். அவன் வேணாம்னா வேணாம்."

மச்சான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. என் கை பொய் சொல்லியிருந்தால்?

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். தசைநாரில் சின்னக் கிழிசல். "தாண்ட விட்டிருந்தா மொத்தமா அறுந்திருக்கலாம்" என்றார். இரண்டு மாதம் கயிறு பிடித்து நடை மட்டும். வேளைக்கு இருபது நிமிடம், தினம் மூன்று வேளை.

அப்போதும் மச்சான் என்னோடு பேசவில்லை. அக்காதான் அவரைத் துரத்தினாள்: "ஆறு குதிரைய அவன் ஒருத்தனா பாப்பான்? உங்க கோவத்தையும் கூட்டிக்கிட்டுப் போய் நடங்க!"

சிலுப்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் மச்சான் குதிரையிடம் பேசினார்.

"ஏம்மா, உன் ஆளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு."

"ரொம்பத்தான் அக்கறை. அவரையே குடிக்கச் சொல்லு சிலுப்பி."

அவள் பலமாகத் தும்மினாள். இருவர் மேலும் தெறித்தது. சிரித்துவிட்டோம்.

மறுநாள் அவராகவே ஆரம்பித்தார். "மாப்ள, அந்தப் போட்டிக்கு முந்தின வாரம் நீ வெளியூர் போயிருந்தீல்ல? காஞ்சு கிடந்த தரையில இருவது தடவ தாண்ட வச்சேன். ஜெயிக்கணும்னு ஒரு வெறி."

கொஞ்ச தூரம் போனதும், "ஒவ்வொரு போட்டிக்கு முன்னாடியும் வாந்தி எடுப்பேன், தெரியுமா?" என்றார்.

பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம். எனக்குத் தெரியாது.

நடை முடிந்து ஐந்து நிமிட ஓட்டம், பிறகு பத்து, பிறகு மேட்டுப் பாதை. எட்டாம் மாதம்தான் முதல் தடையைத் தாண்ட விட்டோம், அதுவும் ஈர மணலில். அடுத்த வருடப் போட்டியில் மூன்றாம் இடம். அதன் பிறகும் ஆறு வருடம் தாண்டினாள், ஒரு குறையுமில்லாமல்.

லாயத்தை மூடி நாளாகிவிட்டது. சிலுப்பியும் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கோப்பைகள் எந்தெந்தப் போட்டியில் வந்தவை என்று இப்போது கேட்டால் திணறுவேன். அந்த நடை மட்டும் அப்படியே இருக்கிறது. அவள் கழுத்துக்கு அப்பாலிருந்து மச்சானின் குரல் வரும். முகம் தெரியாது. அவள் வயிற்றுக்குக் கீழே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரியும். இருபது நிமிடம் முடிந்ததும் அவளைக் கொண்டுபோய்க் கட்டுவோம். பேச்சு முடிந்திருக்காது. நாங்கள் இருவரும் மட்டும் இன்னொரு சுற்று நடப்போம்.