டுவேனுக்குப் பிடிக்காத கூண்டுகள்

டுவேனுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மட்டைப் பையையும் பந்து வாளியையும் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டான். மகள் காலைச் சாப்பாட்டை முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். மார்லி பாதி பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஏறினாள்.

திங்கட்கிழமை பள்ளியில், பேஸ்பால் மாதிரியே பெண்கள் ஆடும் சாப்ட்பாலுக்கு, அணி ஆள் எடுக்கிறார்கள். போன கோடை வரைக்கும் என்றால் டுவேன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அந்த வட்டாரத்தில் மார்லி மாதிரி அடிக்க ஆள் கிடையாது. ஆனால் இலையுதிர் காலத்தில், ஓர் ஆட்டத்தில், பந்து வந்து அவள் தாடையில் பட்டது. தாடை சரியாகிவிட்டது, கால்தான் சரியாகவில்லை. எதிரே பந்து கிளம்பியதுமே அவளுடைய முன்னங்கால் தானாகப் பின்வாங்கும். கால் போனால் இடுப்பும் போகும், மட்டை வெறும் காற்றை வெட்டும். குளிர்காலம் பூராவும் டுவேன் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டான், காலும் போய்க்கொண்டேதான் இருந்தது.

மார்ச் மாதத்து நெப்ராஸ்காவில் பனி உருகி மைதானமெல்லாம் சேறு. கூரைக்குக் கீழே வலை கட்டி, மெஷின் பந்து வீசுகிற கூண்டுதான் ஒரே வழி. நல்ல கூண்டாக ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டே நாளில் அந்தக் காலை நிறுத்திவிடலாம் என்று டுவேன் நம்பினான். அவன் இளவயதில் பேஸ்பால் ஆடியவன். கூண்டைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவனுடைய எண்ணம்.

முதல் கூண்டு பவுலிங் கூடத்தின் பின்புறம் இருந்தது. டுவேன் உள்ளே நுழைந்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு மூக்கைச் சுளித்தான்.

"இது பேஸ்பால் பசங்களுக்கு வெச்சது. பந்து தோளுக்கு மேலேர்ந்து எறங்கி வருது பாரு. உனக்கு இடுப்புக்கிட்டேர்ந்துல்ல வரணும்? இதுல பழகினா இருக்கறதும் கெட்டுடும்."

"சரி," என்றாள் மார்லி. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

இரண்டாவது, பக்கத்து ஊரில் ஒரு பழைய தானியக் கிடங்கு. மெஷின் சாப்ட்பாலுக்கு ஏற்றதுதான், தரையில் புல்விரிப்பும் இருந்தது. மார்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கையுறையை இழுத்துவிட்டாள். அதற்குள் டுவேன் இரும்புக் குழாயைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"வலை குழாயோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பந்து இரும்புல பட்டா நேரா திரும்பி வரும். ஹெல்மெட்ட கழட்டு, போலாம்."

"அப்பா, அந்தக் குழாய் எவ்வளவு தள்ளி இருக்கு. நான் அங்க அடிக்கவே மாட்டேன்."

"நீ அடிக்க மாட்ட. பந்து போகாதா?"

மார்லி கையுறையைக் கழற்றி இடுக்கிக்கொண்டாள். வண்டியில் ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள், மறுபடியும் போட்டாள். டுவேன் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டே, வலையின் கண் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும், நூல் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தான். கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது கூண்டு சோளக்காட்டு நடுவே ஒரு பெரிய தகரக் கொட்டகை. டிராக்டரை வெளியே தள்ளிவிட்டுக் கூண்டு போட்டிருந்தாள் ஆர்லிஸ் என்கிற நடுத்தர வயதுக்காரி. வாசலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள்.

"தாராளமா பாருங்க. வலையில மட்டும் சாய வேண்டாம். இங்க சட்டம்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"எனக்கா சொல்றீங்க? அத ஊருக்கெல்லாம் சொல்றவனே நான்தான்," என்றான் டுவேன்.

அவன் பார்த்தான். மெஷின் சரியான உயரத்தில் இருந்தது. வலை இரும்புக் குழாய்களிலிருந்து தள்ளி, தளர்வாகத் தொங்கியது. பந்துகள் புதுசு. வெளிச்சம் கண்ணில் அடிக்கவில்லை. ஒரு குறையும் இல்லை. டுவேன் வாளியை வைத்தான், எடுத்தான், வேறு இடத்தில் வைத்தான்.

"தரை கொஞ்சம் வழுக்கும் போல..."

"அப்பா." மார்லி சத்தம் போடவில்லை. "காலையிலேர்ந்து சுத்தறோம். நான் இன்னும் ஒரு பந்துகூட அடிக்கல. தெரியுதா உனக்கு?"

"நல்ல எடமா பாக்க வேணாமா?"

"நீ எடம் பாக்கல. நான் உள்ள போகாம இருக்கறதுக்குச் சாக்கு பாக்கற."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்க் கதவுவலையை இழுத்துவிட்டாள். அவள் சொன்னது உண்மை, அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்றது. தாடையில் பந்து பட்ட அன்றைய சத்தம் இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை. சமையலறையில் யாராவது முட்டையை உடைத்தால்கூடத் திரும்பிப் பார்ப்பான். பயந்தது மகள் மட்டும் என்று குளிர்காலம் முழுக்க வீட்டில் பேச்சு, அதையும் பேசியவன் அவனே.

மெஷின் உறுமியது. முதல் பந்து வந்தது. மார்லியின் கால் பின்வாங்கியது, மட்டை காற்றை வெட்டியது. அடுத்ததும் அப்படியே. டுவேனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எதையாவது சோதித்தாக வேண்டும் என்று பக்கவாட்டு வலையின் முடிச்சுகளை விரலால் நெருடத் தொடங்கினான். முடிச்சு இறுக்கமாக இருந்தது. அடுத்த முடிச்சைப் பார்க்கக் குனிந்தான், முகம் வலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மார்லி தாமதமாக வீசிய மட்டையில் பந்து பட்டு, பக்கவாட்டில் சீறியது. தளர்வான வலை பந்தைப் பிடித்தது, ஆனால் பிடிப்பதற்குள் வெளியே பிதுங்கி அவன் கன்னத்து எலும்பில் ஒரு போடு போட்டது. டுவேன் வாளியின் மேல் உட்கார்ந்தான், அல்லது விழுந்தான்.

ஆர்லிஸ் அவசரப்படாமல் எழுந்து வந்து, குளிர்ந்த சோடா டின் ஒன்றை அவன் கன்னத்தில் அழுத்திவைத்தாள்.

"இருக்கறது ஒரே ஒரு சட்டம்," என்றாள்.

மார்லி மட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் உதடு வெளுத்துவிட்டது. "போலாம்ப்பா. போதும்."

இப்போது கிளம்பினால் திங்கட்கிழமை மட்டும் இல்லை, இந்த வருடமே போச்சு என்று டுவேனுக்குத் தெரிந்தது. எழுந்தான். தலை கிறுகிறுத்தது.

"ஒண்ணுமில்ல. நீ அடி. நான் இங்கதான் நிக்கப்போறேன்."

"அதே எடத்துலயா?"

"கொஞ்சம் தள்ளி. ஆனா இதே பக்கம்."

அவள் திரும்பி நின்றாள். பந்து வந்தது, மட்டையில் பட்டு நேராகக் கூரைப்பக்கம் போனது. டுவேன் அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் போயிருந்தான்.

"கால் போச்சு," என்றாள் மார்லி.

"இல்லியே, நல்லாத்தானே நின்ன?"

"என் கால் இல்ல. உன் கால்."

"நானா போறேன்? அதுவா போவுதும்மா..."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் அவள் குளிர்காலம் பூராவும் சொன்னாள். மனசு வைத்தால் நிற்கும் என்று ஒவ்வொரு தடவையும் அவன் பதில் சொல்லியிருந்தான். இப்போது மார்லி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மெஷினைப் பார்க்கத் திரும்பினாள்.

அடுத்தடுத்துப் பந்துகள் வந்தன. சில தப்பின. போகப் போக மட்டையின் சத்தம் மாறியது, கணீரென்று வந்தது. ஆர்லிஸ் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். டுவேன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கைகள் மட்டும் வாளியின் கைப்பிடியைப் பிழிந்துகொண்டே இருந்தன.

திரும்பும்போது அவன் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. வண்டியை, போன மாதம் லைசென்ஸ் வாங்கிய மார்லிதான் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டாள்.

"கடைசில என் கால் நின்னுச்சாப்பா?"

நின்றது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் கேட்ட விதத்தில் அவனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலம்மா. நீ அடிக்கறப்பல்லாம் நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டேன்."

மார்லி சிரித்தாள். பந்து பட்ட நாளிலிருந்து தாடை வலிக்காத மாதிரி அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"பரவால்ல," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "நான் தொறந்துதான் வெச்சிருந்தேன்."