நான்காவது கதவு

வண்டிக் கதவு நான்கு முறை அறைந்து மூடிக்கொண்டது. நான்கு பேர். வாசலில் நின்றிருந்த பாட்டி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடமாக அவளுக்குப் பகல் என்பது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரிதான். செங்கல் சூளையில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சுடாத பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைக்கக் கண் எதற்கு, கை போதும். ஆனால் சங்கத்துக்காரர்களுக்குக் கண் வேண்டும். மகளும் மருமகனும் போன பிறகு பிள்ளைகள் அவளிடம் இருக்கலாமா என்று வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறவர்கள் அவர்கள். போன தடவை பக்கத்துக் குடிசைக்காரிக்குக் கை நடுங்குகிறது என்று எழுதிக்கொண்டு, அவள் பேரனை ஒரு விடுதிக்கும் பேத்தியை வேறொரு விடுதிக்குமாகக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகளின் நன்மைக்குத்தானாம். அந்தக் குடிசைக்காரி இன்னமும் மூன்று தட்டு கழுவுகிறாள்.

அதனால் பேரப்பிள்ளைகளில் பெரியவள் பத்து நாளாகப் பாட்டிக்குப் பாடம் எடுத்திருந்தாள். பத்து வயது வாத்தியார். பிரம்பு ஒன்றுதான் குறை. ஒரு தடவை இருமினால் ஆள் எதிரே நிற்கிறார். இரண்டு தடவை என்றால் எதையோ நீட்டுகிறார், கையை ஏந்த வேண்டும்.

"மூணு தடவ இருமுனா?"

"எனக்கு நெசமாவே இருமல்னு அர்த்தம். பயப்படாத பாட்டி."

சங்கத் தலைவர் பேச ஆரம்பித்தார். கேட்பதற்கு ஒரு கிழவி, இரண்டு பிள்ளைகள், ஒரு கோழி. "பெருந்திரளாகக் கூடியிருக்கும் தாய்மார்களே!" என்றார். கோழி மட்டும் பதில் சொன்னது. ஏழைகளை நினைத்துத் தாம் தூங்காத இரவுகளை அவர் விவரிக்க விவரிக்க, குரல் நகர்ந்த பக்கமெல்லாம் பாட்டி முகத்தைத் திருப்பினாள். முதுகில் வியர்வை ஓடியது. சின்னவன் அவள் விரலை விடவில்லை.

இரண்டு இருமல். கையை ஏந்தினாள். கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. நல்ல காப்பாளர் விருதாம். நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாள்.

உடனே மூன்று இருமல். மறுபடியும் மூன்று. பாவம், பிள்ளைக்குச் சூளைப் புகை தொண்டையில் இறங்கிவிட்டது, ராத்திரி வெந்நீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

படம் பிடிக்கிறவர் சிரித்துவிட்டார். "பாட்டி, தலைகீழா புடிச்சிருக்கீங்க!"

பாட்டி சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவங்க" என்றாள் கூட வந்த அம்மாள். "எது மேல எது கீழன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆமாங்கம்மா, நான் வெறும் கைநாட்டு" என்றாள் பாட்டி அவசரமாக. கண் மங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் முட்டி மோதிக் கையெழுத்துப் போடக் கற்றிருந்தாள். அதை அப்படியே விழுங்கினாள். அடுத்தவர் அறியாமையைப் போல மனசைக் குளிர்விப்பது ஏது? எல்லோரும் இளகிப்போய்ச் சிரித்தார்கள்.

"எழுத்து தெரியாது, சரி." அதுவரை பேசாத ஓர் இளம் குரல். சங்கத்துக் குமாஸ்தா. கையில் பேனா டிக் டிக் என்றது. "ஆனா பாதி இடத்துக்குத் தலைவர் படம் இருக்கே. மூஞ்சி தலைகீழா இருக்கறதுகூடவா..."

"அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுப்பா!" என்றார் தலைவர் வெடுக்கென்று. தாம் தலைகீழாக நின்ற விஷயத்தை நீட்டிக்க அவருக்கு மனமில்லை.

செருப்புகள் நகர்ந்தன. வண்டி உறுமியது. ஒரு கதவு. இரண்டு. மூன்று. பாட்டி நான்காவதுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றாள். விரலில் சின்னவனின் பிடி இறுகியது.

பெரியவள், மெல்ல, ஒரே ஒரு தடவை இருமினாள்.