நாணுக்கும் பிடிக்கும் நடுவே

கனகவல்லி சில நாட்களாக முழுக்கை ரவிக்கையே போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கக் கையைச் சுருட்டிவிட்டபோதுதான் ரகுநாதன் பார்த்தான். இடது முன்கையின் உட்புறம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்தது. கேட்டதற்கு, வில் நாண் அடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த துணியைப் பிழிந்தாள்.

அவள் லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியரின் மகள். குஷாய்குடாவில் ரகுநாதன் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே ஒயரிங் பிரிவில் இருந்தாள். எண்பத்து மூன்றில் அவர்களுக்குக் கல்யாணம் ஆனபோது, தொழிற்சாலை விளையாட்டுக் கழகத்தில் மூங்கில் வில்லுக்கு அவளை விட்டால் ஆளில்லை. அடுத்த கோடையில் பீரோக் கதவு அவளுடைய இடது கட்டைவிரலை நசுக்கியது. கட்டுப் பிரித்து, வலியும் போன பிறகு மறுபடி வில்லெடுத்தாள். அம்புகள் திசைக்கொன்றாகப் போயின.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் தெரிந்தது. கழகச் செயலாளர் ராமசுவாமியிடம் போய், வரப்போகிற வில் போட்டிக்குத் தன் இடத்தில், கூட வில் பழகும் ஜலஜாவை அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அடிபட்ட கை, அவ்ளோதாங்க. இனிமே வில்லு நக்கோ, வேணாம்," என்றாள்.

ரகுநாதன் வாதாடவில்லை. நாணேற்றிக் காட்டச் சொன்னான். வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் நாண் கையை அடிக்கும் என்று கல்யாணமான புதிதில் அவளே அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் வில்லுக்குப் பயிற்சியாளர் சொன்ன இடைவெளி ஏழு அங்குலம். அதற்கு அவள் ஸ்கேல் தேடியதே இல்லை. பிடியின்மேல் இடது முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்துவாள். நுனி நாணைத் தொட்டால் சரி. இப்போதும் தொட்டது. சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் டேப் வாங்கி அளந்தும் பார்த்தாயிற்றாம். அந்தத் துணி டேப் இன்னும் தையல் மெஷின் மேலேயே கிடந்தது. ரகுநாதன் வைத்துப் பார்த்தான். ஏழுதான்.

அப்படியானால் கைதான் போல என்று அவனுக்கும் தோன்றிவிட்டது.

அவனுக்குத் தொழிற்சாலையில் கேஜ் ரூமில் வேலை. மற்றவர்கள் அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நாள் முழுவதும். மறுநாள் யாரோ கொண்டுவந்த ஸ்கேலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் அந்த டேப்பைச் சோதிக்காமலே நம்பிவிட்டோமே என்று சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் தன் இரும்பு ஸ்கேலை எடுத்து டேப்பின் பக்கத்தில் வைத்தான். நுனிப் பித்தளை என்றோ விழுந்து, பிசிறிய துணியை நாகம்மா வெட்டிவிட்டிருந்தாள். முதல் அரை அங்குலம் இல்லை. நாண் உண்மையில் நின்றது ஆறரையில்.

கனகவல்லி நம்பவில்லை. டேப் தப்பென்றால் விரலுமா தப்பு என்று கேட்டாள். ரகுநாதன் அவள் இரண்டு கைகளையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல்களை நிமிர்த்தச் சொன்னான். வலது நேராக நின்றது. இடது, கணுவில் லேசாக வளைந்து, அதற்குமேல் நிமிரவில்லை. மூன்று மாதமாக அவளே பார்த்துக்கொண்டிருந்த விரல்தான்.

"குறி பார்க்கிற கண்ணு சரியாத்தான் இருக்கு, கனகு. இழுக்குற கையும் சரியாத்தான் இருக்கு. இந்தப் பிள்ளைதான் கொஞ்சம் குட்டையாயிட்டான்," என்று அந்த விரலைத் தடவினான்.

அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது. இந்தக் கையால் இனி எதுவும் ஆகாது என்று தினமும் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வாளாம். அதை அப்போதுதான் அவனிடம் சொன்னாள். அவன் கையை விடவில்லை.

நாணைக் கழற்றி முறுக்கேற்றினாள். முறுக்க முறுக்க நாண் குறுகி, இடைவெளி ஏறியது. இரும்பு ஸ்கேலில் ஏழு வந்ததும் வில்லோடு குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குப் போனார்கள். முதல் அம்பு விட்டதும் கையைத் திருப்பிப் பார்த்தாள். நாண் தொடவில்லை. ஐந்தாறு அம்புகள் வைக்கோல் பலகையில் நெருக்கமாகவே நின்றன.

போட்டி இடத்தை அவள் திரும்பக் கேட்கவில்லை. ஜலஜாவும் ஆசையாக இருக்கிறாள், போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஒரு அம்பு மட்டும் பலகையைத் தாண்டி முள்ளுக்குள் போயிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று இருவரும் குனிந்து தேடிக்கொண்டு போனார்கள்.