இருபது கிலோ

லாரிகளை எடைபோடும் மேடைமேல் அந்தச் சிவப்புக் கார் ஏறி நின்றதும் கலியன் தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் கம்பி லோடுகளையே எடைபோட்டுப் பழகியவர் அவர்.

"இன்னா பென்னி, வண்டி எங்க? ஏதோ சோப்பு டப்பா வந்து நிக்குது!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பென்னி பல்லைக் காட்டினான். எண் பலகை துடித்து அறுநூற்றுப் பத்தில் நின்றது. மில் முதலாளி பார்த்திபன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பொங்கல் கழிந்து இதே மேடையில், இதேபோல் பென்னியை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தபோது அறுநூற்று முப்பது.

"இருபது கிலோ! இன்னாத்தடா கழட்டுன?"

பென்னி ஸ்டியரிங்கைத் துடைத்தபடி சொன்னான். "சின்ன பேட்டரி போட்டேன் சார். சீட்டுக்குக் கீழ இருந்த இரும்பெல்லாம் அலுமினியமா மாத்திட்டேன்."

சோற்றுத் தூக்கோடு வந்து நின்றிருந்த ஜெபா எண் பலகையையும் பென்னியையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே பழைய பேட்டரி அன்று காலையில்தான் அவள் வீட்டு வாசலில் சார்ஜ் ஏறி வண்டிக்குத் திரும்பியது. காரில் எதுவுமே மாறவில்லை. குறைந்திருந்தது அவள் புருஷன். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். படுத்தால் விலா எலும்புகள் சட்டைக்கு மேலேயே தெரிந்தன. இருமலுக்கு, காரின் ஃபைபர் உடலைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பார்த்திபன் அவள் பக்கம் திரும்பினார். "ஜெபா, இவனுக்கு சோறு கம்மியாவே போடு. இன்னும் பத்து கிலோ எறங்குனான்னா, வர்ற பழைய வண்டிப் பந்தயத்துல கப்பு நமக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். பென்னி எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எண்ணெய்த் துணியால் வாயைத் துடைத்து, துணியைப் பார்க்காமலே மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

சோழவரத்தில், இரண்டாம் உலகச் சண்டைக்காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த நாட்களில், யாரோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறக்கிய வண்டி அது. பார்த்திபனின் அப்பா வாங்கினார். பந்தயம் நின்றதும் கிடங்கில் சாக்குகளுக்கு அடியில் எலிகளுக்கு வீடாகிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து உயிர் கொடுத்தவன் மில் ஃபிட்டர் பென்னி. பார்த்திபனின் வயிறு ஸ்டியரிங்கில் இடித்ததால் ஓட்டும் பாக்கியமும் அவனுக்கே வந்தது.

"அதுல வேண்டாததுன்னு ஒண்ணுமே இல்ல ஜெபா," என்பான். "கதவு கெடையாது, கூரை கெடையாது, ரெண்டே சீட்டு. பெரிய வண்டிங்க வளைவப் பாத்தா பயப்படும். இது வளைவத் தேடிக்கினு போவும்." அவன் தாத்தா அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் காரில் இருக்கும்போது மட்டும்தான் அவனை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவும் அவன் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும்போது.

அன்று சாயங்காலம் அவள் நேராகவே கேட்டாள். "காலைல அந்தப் பழைய பேட்டரி இங்கதானயா சார்ஜ் ஏறிச்சு? யாருகிட்ட பொய் சொல்ற?"

"பந்தயம் முடியட்டும்டி. நோவுன்னு தெரிஞ்சா மொதலாளி எனக்கு பதிலா அந்த லாரி டிரைவர் லோகுவ உக்கார வச்சிருவாரு."

"முடியாது. சனிக்கெழம பொன்னேரி ஆஸ்பத்திரி. இல்ல, நானே போய் மொதலாளிகிட்ட சொல்லிருவேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான். "சரி, வரேன். ஆனா பஸ்ல இல்ல. அதுல."

சனிக்கிழமை, வண்டியை ஓட்டிப்பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான். அதுவரை அந்த இரண்டாவது சீட்டில் ஜெபா உட்கார்ந்ததில்லை. புடவையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். கல்கத்தா ரோடு முதுகுக்குக் கீழேயே ஓடியது. காற்று கன்னத்தில் அறைந்தது. அவன் விரலசைத்தால் வண்டி அசைந்தது. அவன் மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. இத்தனை மாதமாகத் தளர்ந்து கிடந்த உடம்பு எங்கோ போய், கட்டிய புதிதில் பார்த்த ஆள் பக்கத்தில் இருந்தான். பின்னாளில் அவனைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த பிறகும்கூட அவள் உடம்பு அந்த ஓட்டத்தை மறக்கவில்லை.

தச்சூர் கூட்டுரோடு வந்தது. இடப்பக்கம் பொன்னேரி. நேரே போனால் சோழவரம்.

"லெஃப்ட்டுயா!" என்று கத்தினாள். அவன் கியரைக் குறைத்தான். திரும்பப் போகிறான் என்றுதான் நினைத்தாள். எஞ்சின் கூவியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, பொன்னேரிக்கு அம்பு காட்டிய பச்சைப் பலகை தலைக்கு மேலே பின்னால் போனது.

"ஒரே ஒரு ரவுண்டு ஜெபா! அங்க ஓடுன வண்டிடி இது!"

அடிக்கக் கையை ஓங்கியவள் அவன் தோளைப் பிடித்தாள். சட்டைக்குள் வெறும் எலும்பு. அவனோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு அவளையும் தொற்றிக்கொண்டது, நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் சிப்காட் கம்பெனி பஸ் ஒன்று இணையாக வந்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் ஜன்னல்களில் முண்டியடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார்கள், விசில் அடித்தார்கள், புதுமணத் தம்பதியைப் பார்த்ததுபோலக் கையாட்டினார்கள்.

கண்ணில் நீர் வழிய, ஜெபாவும் கையை உயர்த்தி ஆட்டினாள்.