வாரனின் ஜோடி அணுக்கள்

வாரன் லிண்ட்குவிஸ்ட் முப்பது வருஷமாக அணுக்களைப் படம்பிடித்தவர். எட்மன்டனில் எங்கள் ஆய்வுக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே தெருவில் பேருந்து போனால்கூடப் படம் ஆடிவிடும். அதனால் கருவி ஓடும்போது எங்களைத் தும்மக்கூட விடமாட்டார். அத்தனை நுட்பமான கருவிக்கு, அணு அணுவாக வருடிப் படமெடுக்கும் ஊசியை எப்படிச் செய்வோம் தெரியுமா? கம்பியை இழுத்துப் பிடித்து, கத்தரிக்கோலால் சாய்வாக ஒரு வெட்டு. நுனியில் ஒற்றை அணு துருத்தி நின்றால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மறுபடி வெட்டு. வாரனின் கத்தரிக்கோல் அவர் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. அதை யாரும் தொடக்கூடாது. நானும் முனைவர் பட்டம் வாங்கியவள்தான், எனக்கும் அனுமதி கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு ஏக்கம். வரும் கோடையில் பணி ஓய்வு, ஆனால் தன் பெயர் சொல்லும்படி இதுவரை ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச்சில் ஒரு காலை, நான் குளிர்கோட்டைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து இழுத்தார்.

“மார்த்தா, இங்க வந்து பாரு! வெள்ளி அணு எல்லாம் ஜோடி ஜோடியா நிக்குது. இத யாருமே பாத்ததில்ல!”

பார்த்தேன். எல்லா ஜோடியும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே இடைவெளியில் நின்றன. எனக்குச் சந்தேகம் தட்டியது.

“வெள்ளித் தகட்டத் திருப்பி வச்சுப் பாத்தியா?”

“எதுக்கு?”

“ஜோடி தகட்டுல இருந்தா, தகட்டோட சேந்து திரும்பணும்ல?”

“உனக்குப் பொறாமைம்மா.”

“ஆமாம்ப்பா, வயிறு எரியுது. மொதல்ல திருப்பு.”

வெள்ளிக்கிழமை மாநாட்டில் பேசுவதாக அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தார். தலைப்பும் அச்சாகிவிட்டது. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் கொண்டுவந்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தின்பதை மட்டும் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை தானாகவே தகட்டைத் திருப்பி வைத்தார்.

தகடு திரும்பியது, ஜோடிகள் திரும்பவில்லை. ஊசிக்கு இரண்டு நுனி. ஒவ்வொரு அணுவையும் அது இரண்டு தரம் பார்த்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களை வாரன் வாய்நிறையக் கிண்டல் செய்யும் அதே தவறு.

“நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறியா?” என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“மாட்டேன். ரெண்டு படத்தையும் நீயே போய்க் காட்டு.”

காட்டினார். “முப்பது வருஷ உழைப்புல நான் கண்டுபிடிச்சது, என் பொண்டாட்டி கத்தரிக்கோல் மழுங்கிப்போச்சுங்கறது” என்றார். அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் ஓர் அம்மாள் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றார்.

“எங்கிட்டயும் இதே மாதிரி படம் இருக்கு. போன வாரம்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன். இருங்க, திருப்பி வாங்கிட்டு வரேன்.”

வாரன் ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எந்த ஆய்வுக்கூடத்திலாவது அணுக்கள் இரட்டையாகத் தெரிந்தால், “லிண்ட்குவிஸ்ட் வந்துட்டாரு, ஊசிய மாத்து” என்கிறார்கள். கேள்விப்பட்டதும் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கோபம் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

“முழுப் பேரையும் சொல்றாங்களா, இல்ல லிண்ட்குவிஸ்ட் மட்டுந்தானா?” என்று கேட்டார்.